ஃபிரீசருக்குள் பிச்சை அண்ணன்

குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் புஷ்பவள்ளி. இருபத்திரண்டு வருடமாக அதே வேலை.

கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு சிப் தொழிற்சாலை. காலை ஏழு மணிக்கு மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்தால் அரிசிமணி அளவுச் சில்லுகள் தட்டுத் தட்டாக வரும். கீறல், கறை, வளைந்த கால் எதைக் கண்டாலும் சிவப்பு ஸ்டிக்கர். அது ரிஜெக்ட். சந்தேகம் என்றால் மஞ்சள். அது ஹோல்ட். மஞ்சள் ஒட்டிய தட்டை மறுசோதனை முடியும்வரை மேனேஜரே வந்தாலும் நகர்த்த முடியாது.

அந்தக் கண்ணை அவள் ஆலையில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையின் ஒரு காது சற்றுக் கீழே இருப்பது அவளுக்கு மட்டும் தெரியும். தெரிந்ததைச் சொல்லியும் விடுவாள். கைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் சுருள் கிடக்கும். வீட்டில் மாங்காய் ஊறுகாய் மேல் சந்தேகம் வந்தால் ஜாடிக்கு ஹோல்ட் ஒட்டுவாள். அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது.

ஆலையில் மன்னிப்பே இல்லாத குற்றம் ஒன்று உண்டு. சாம்பிளை மாற்றுவது. ஒருமுறை ஒருத்தி மாற்றினாள். மதியச் சாப்பாட்டுக்குள் அவள் லாக்கர் காலியாகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் பத்து வருடம் இருந்தவள்தான். பிறகு காய்கறிப் பாசாரில் எதிரே வந்தபோது புஷ்பவள்ளி கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தன் ஐம்பத்தேழாவது வயதில், ஆவணி மாதக் கடைசியில், அதே குற்றத்தைப் புஷ்பவள்ளி செய்தாள்.

அதற்குக் காரணம் மகள் நளினி. பினாங்கில் ஒரு தனியார் ஆய்வகத்தில் டெக்னாலஜிஸ்ட். மனிதனிலிருந்து எது சொட்டினாலும் அதை எண்ணாக மாற்றிக் கொடுப்பது அவள் வேலை. “ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு லா, உத்துப் பாக்கற சீக்கு” என்பார் அப்பா இருளப்பன். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். தை மாதம் ஒரு காலையில் பஸ்ஸை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, கதவைத் திறந்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலை வைத்தார். அவ்வளவுதான். நாற்பது பெண்களும் பத்திரமாக இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு புஷ்பவள்ளிக்கு விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்தது. சோறு பாதியாகக் குறைந்தது, கோபம் இரட்டிப்பானது. வாரம் ஒருமுறை போன் செய்துகொண்டிருந்த நளினி தினமும் செய்தாள்.

“மா, என்கூட வந்துரு. பதினாலாவது மாடி. நல்லா காத்து வரும்.”

“காத்துக்கு நான் எதுக்கு மாடி ஏறணும்? இங்க ஃபேன் இருக்கு.”

“தனியா இருக்கறது உன் உடம்புக்கு ஆகாது மா.”

“நீ முதல்ல மூக்க சிந்து. எட்டு மாசமா உறிஞ்சிக்கிட்டே பேசற.”

புஷ்பவள்ளிக்கு அந்த வீட்டை விட முடியாது. வீட்டு ஸ்விட்ச் எல்லாம் தலைகீழ். இருளப்பன் ஒரு தீபாவளி லீவில் தானே வயரிங் செய்தார். ஊரில் எல்லா வீட்டிலும் கீழே தட்டினால் விளக்கு எரியும். இந்த வீட்டில் மேலே தட்டினால்தான் எரியும். இருபது வருடமாக இந்தக் குறையை அவள் தினமும் சொல்லிவந்தாள். ஒரு எலெக்ட்ரீஷியன் வந்து சரிசெய்கிறேன் என்றபோது, “கைய வெச்சே பாரு” என்று துரத்தியதும் அவள்தான்.

கடைசியில் நளினி ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தாள். சமையல்கட்டு மேசையில் எட்டு பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாக நிறுத்தினாள்.

“சண்டை வேணாம் மா. அளந்து பாத்துரலாம்.”

“எத?”

“உன் கவலைய.”

கவலைப்பட்டால் மூளை கிட்னிக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் ஒரு சுரப்பிக்கு ஆள் அனுப்பும், அது கார்ட்டிசால் என்ற சரக்கை ரத்தத்தில் விடும் என்றாள் நளினி. எச்சிலிலும் அது தெரியும். நல்ல உடம்பில் காலையில் எழுந்ததும் ஏறும், பொழுது சாயச் சாய இறங்கும். ரொம்ப நாள் கவலையில் கிடந்தால் அந்த ஏற்ற இறக்கம் தேய்ந்து கோடு படுத்துவிடும்.

“படுத்தா என்ன? தூங்கட்டும்.”

“நோய எதிர்க்கற செல்லுங்கள அடக்கி வெக்கறதே அந்த கார்ட்டிசால்தான் மா. அது நாள் பூரா கத்திக்கிட்டே இருந்தா செல்லுங்களுக்குக் காது மரத்துப் போயிரும்.”

“எங்க சூப்பர்வைசர் மாதிரி.”

“அதேதான். அப்புறம் சொல் பேச்சு கேக்காம அதுங்களே மூளைக்குச் சேதி அனுப்பும். படு, சாப்பிடாத, யாரையும் பாக்காதன்னு. காய்ச்சல் இருக்காது. ஆனா காய்ச்சல்காரி மாதிரியே சுருண்டு கிடப்ப. சளி புடிச்சா விடாது, வாயில புண்ணு வரும்.”

ஒப்பந்தம் இதுதான். இரண்டு நாள், நாளுக்கு நாலு குழாய். கோடு ஒழுங்காக இருந்தால் புஷ்பவள்ளி இங்கேயே இருக்கலாம், நளினி பேச்சை எடுக்க மாட்டாள். படுத்திருந்தால் பதினாலாவது மாடி.

கார் தெருமுனை தாண்டியதும் புஷ்பவள்ளி குழாய்களைப் பார்த்தாள். தன்னையும் பார்த்தாள். மூன்று மணி விழிப்பு, பாதிச் சோறு, நேற்று மீன்காரனோடு போட்ட சண்டை. மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை. நிச்சயம் ரிஜெக்ட்.

தாமான் குடியிருப்பிலேயே கவலை இல்லாத ஆள் யார் என்று யோசித்தாள். யோசிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பக்கத்து வீட்டுப் பிச்சை அண்ணனுக்கு அறுபத்தாறு வயது. பாலிங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், இப்போது தனிக்கட்டை. போன வருடம் அவர் மோட்டார் சைக்கிள் திருடுபோனது. தெருவே பதறியது. அவர், “எண்ணெய் கம்மியாத்தான் இருக்கு, தூரம் போக மாட்டான்” என்று சொல்லிவிட்டு டீ குடித்தார். சாயங்காலம் வண்டி இரண்டு தெரு தள்ளிக் கிடந்தது. போதாக்குறைக்கு மூன்று மாதமாக ஆளே மினுமினுப்பு. முட்டிவலி போயிற்று, வயிறு முன்னே வந்தது, முகம் முழுநிலாவாகிவிட்டது. கோயிலில் எல்லோரும் அவர் கன்னத்தைப் பாராட்டினார்கள்.

வேலியில் பாகற்கொடி படர்ந்திருந்தது. புஷ்பவள்ளி இந்தப் பக்கம் நின்றாள்.

“அண்ணே, ஒரு உதவி.”

“சொல்லு தங்கச்சி.”

“உங்க எச்சில் வேணும்.”

பிச்சை அண்ணன் கொடியை விலக்கி அவளை ஒருதரம் பார்த்தார்.

“எவ்வளவு?”

ஏன் என்று கேட்காத மனிதர். தேர்ந்தெடுத்தது சரிதான் என்று அவளுக்குப் பட்டது. நளினி வைத்த பரீட்சையில் பாஸாக, பஞ்சுச் சுருளை இரண்டு நிமிடம் மென்று குழாயில் போட வேண்டும், அதற்கு அரை மணி முன்னால் எதுவும் தின்னக்கூடாது என்று விளக்கினாள்.

“வெத்தல?”

“கூடாது.”

“காப்பி?”

“கூடாதுண்ணே.”

“பின்ன பஞ்ச எதுக்கு மெல்லணும், காத்தையே மென்னுரலாமே.”

நளினி விட்டுப்போன தாளில் மருந்து பற்றி ஒரு கேள்வி இருந்தது. வேலையில் ஒழுங்குள்ளவள், அதையும் கேட்டாள்.

“அண்ணே, மருந்து மாத்திரை ஏதும் சாப்பிடறீங்களா?”

“சேச்சே. முட்டிக்கு இது மட்டும்தான்.” சட்டைப் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டினார். பாய்ந்து ஓடும் குதிரைப் படம். பாலிங்கில் ஒரு இரவுச் சந்தையில் வாங்கியது. “மருந்தில்ல லா, வெறும் வேரு. ரெண்டு கேப்சூல் போட்டா நானே குதிரை.”

வேருக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. புஷ்பவள்ளி ‘இல்லை’ என்று குறித்தாள்.

இரண்டு நாள் விடியலில் வேலியோரம் நின்று, “அண்ணே, முழிச்சாச்சா? பல்லு வெளக்காதீங்க!” என்று கத்தினாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டாள். குழாய் ஒவ்வொன்றும் இரண்டு பிளாஸ்டிக் பை, ஒரு செய்தித்தாள், ஒரு மைலோ டப்பா என்று உறைமேல் உறை போட்டு ஃபிரீசருக்குள் போனது. பக்கத்தில், புரட்டாசி பிறப்பதற்குள் தீர்க்க வேண்டிய, கோலா கெடாவில் வாங்கிய மீன். கட்டிய புருஷன் கடித்த வடையைக்கூட வாயில் வைக்காதவள் புஷ்பவள்ளி. ஊரான் எச்சில் ஃபிரீசரில் இருந்தவரை அவள் ஐஸ் தண்ணீர் தொடவில்லை.

எட்டாவது குழாயைக் கொடுக்கும்போது பிச்சை அண்ணன் சொன்னார்: “புரட்டாசி பொறந்தா இந்தக் குதிரையையும் நிறுத்தணும் தங்கச்சி. கேப்சூல் ஓடு மாட்டுத் தோலுல செய்யறானாம். வாட்ஸ்அப்புல வந்துச்சு. ஒரு மாசம் சைவம்னா சைவம்தான்.”

“நல்லதுண்ணே” என்றாள் அவள்.

நளினி வந்து டப்பாவை எடுத்துப்போனாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் போனாள்.

புரட்டாசி முதல் சனி. புஷ்பவள்ளி தலைக்குக் குளித்து, பெருமாளுக்கு விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது.

“மா. உக்காரு.”

“உக்காந்துட்டேன். பாஸா ஃபெயிலா?”

“கார்ட்டிசாலே இல்ல மா.”

“இல்லையா! பாத்தியா? கவலையாவது மண்ணாவதுன்னு நான் அப்பவே சொன்னேன்.”

“இல்லன்னா நல்லதில்ல மா!” நளினியின் குரல் உடைந்தது. “எட்டு குழாயிலயும் மெஷினால அளக்கவே முடியல. ரெண்டு தடவ ஓட்டிட்டேன். கவலைக்கு மட்டும் இல்ல, எழுந்து நிக்கறதுக்கே அது வேணும். நீ முட்டிவலிக்கு ஏதாவது ஜாமு, நாட்டுமருந்து சாப்பிடறியா? சிலதுல ஸ்டீராய்டு கலந்து விக்கறான். அது கார்ட்டிசாலுக்குத் தம்பி மாதிரி. வெளியிலருந்து வந்துகிட்டே இருக்கேன்னு உடம்பு சொந்தக் கடைய மூடிரும். அப்படி ஏதும் இருந்தா நிறுத்திராத. திடீர்னு நிறுத்தினா உள்ளயும் சரக்கில்ல, வெளியிலயும் இல்ல. ரெண்டு மூணு நாள்ல வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கி ஆளே போயிரும். கேக்கறியா? நான் கெளம்பி வரேன். உன்னையும் விட முடியாது மா என்னால.”

புஷ்பவள்ளி வேலிக்கு அப்பால் பார்த்தாள். பிச்சை அண்ணன் வீட்டு வாசலில் செய்தித்தாள் சுருட்டியபடியே கிடந்தது. மணி ஒன்பது. நேற்று சுண்டல் கொடுத்தபோதும் வாந்தி, வயிறு சரியில்லை என்று கிண்ணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

“நளினி, இப்ப… ஒரு பேச்சுக்கு… இதே மாதிரி வேற யாருக்காவது இருந்தா—”

“யாருக்கு மா? நான் உன்னப் பத்திப் பேசறேன்!”

சொல்லாமல் ஆம்புலன்ஸை மட்டும் கூப்பிடலாம். வயிற்றுப்போக்கு என்று நினைத்து உப்புத் தண்ணீர் கொடுத்து அனுப்புவார்கள். சொன்னால் வீடு போயிற்று, ஸ்விட்சும் போயிற்று. ஆலையில் லாக்கர் காலியானவளின் முகம் ஒரு கணம் வந்து போனது.

“அது என் எச்சில் இல்ல.”

“என்ன?”

“பிச்சை அண்ணனோடது. எட்டும். நான் மாத்திட்டேன்.”

மறுமுனையில் மூக்குறிஞ்சல் நின்றது.

“அவரு ஏதாவது சாப்பிடறாரா?” நளினியின் குரல் இப்போது ஆய்வகக் குரல்.

“குதிரை. கேப்சூலு. புதன்கிழமையோட நிறுத்திட்டாரு. சைவம்னு.”

“மா, போன வெச்சிட்டு ஓடு. புட்டிய எடுத்துக்க.”

பிச்சை அண்ணன் குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து கிடந்தார். முழுநிலா முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் உதடு அசைந்தது.

“தங்கச்சி… நம்ம பாஸ் ஆயிட்டமா?”

“வாய மூடுங்கண்ணே. எச்சில வீணாக்காதீங்க.”

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் இருபது நிமிடம் என்றார்கள். கிராப் டாக்ஸி நாலு நிமிடத்தில் வந்தது. எதிர்வீட்டுக்காரி ஒரு கையும் டிரைவர் ஒரு கையுமாகப் பிடித்து ஏற்றினார்கள். எமர்ஜென்சியில் ஒரு இளம் டாக்டர் வந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். ஆலையில் குறை அறிக்கை வாசிக்கிற குரலிலேயே புஷ்பவள்ளி சொன்னாள்: “குதிரைப் புட்டி, ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு மாசம். புதன்கிழமை நிறுத்தினது. எச்சிலில் கார்ட்டிசால் பூஜ்யம், ரெண்டு தடவை பார்த்தாச்சு. வாந்தி நேத்திலருந்து.”

டாக்டர் புட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நர்ஸிடம் ஓர் ஊசியின் பெயரைச் சொல்லிவிட்டு, “அம்மா ஹாஸ்பிட்டல்ல வேலையா?” என்றார்.

“இல்ல சார். இன்ஸ்பெக்‌ஷன்.”

ஊசியும் உப்புநீரும் ஏறி, மதியத்துக்குள் பிச்சை அண்ணனுக்கு முகத்தில் ரத்தம் வந்தது. இன்னும் பல மாதம் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் மூடிய கடையைத் திறக்க வேண்டும் என்றார்கள். அவர் கேட்ட ஒரே கேள்வி: “ஊசி சைவந்தானே?”

வீட்டுக்குத் திரும்பிய புஷ்பவள்ளி ஒரு பையை எடுத்து நாலு புடவை வைத்தாள். செய்த குற்றத்துக்குத் தண்டனை உண்டு, அதில் அவளுக்குத் தகராறு இல்லை. மழை கட்டி வீடு இருட்டியபோது நளினி வந்தாள். மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சமையல்கட்டில் நுழைந்ததும் பார்க்காமலே ஸ்விட்சை மேலே தட்டினாள். விளக்கு எரிந்தது.

“பழக்கம் போகல” என்றாள் புஷ்பவள்ளி, ஏதாவது பேச வேண்டுமே என்று.

“அங்கயும் மேலதான் தட்டறேன். அப்பா போனதிலருந்து. தெனமும் கொஞ்ச நேரம் இருட்டுல நிக்கறேன்.”

புஷ்பவள்ளி ஸ்விட்சை ஒருமுறை பார்த்தாள். பையைக் காட்டினாள். “தோத்துட்டேன். கெளம்பலாம்.”

நளினி மேசை மேல் ஒரு தாளை வைத்து உட்கார்ந்தாள். ரிசல்ட் தாள். மூன்று கோடுகள். புஷ்பவள்ளி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், கை தானாகப் போனது. ஒரு கோடு காலையில் மலையாக ஏறி இரவில் இறங்கியது. நல்ல உடம்பு இப்படி இருக்கும் என்று பக்கத்தில் எழுதியிருந்தது. இன்னொன்று தரையோடு ஒட்டிக் கிடந்தது. அது பிச்சை அண்ணன். நடுவில் மூன்றாவது. காலையில் ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை, இரவில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. தேய்ந்த டயர் போல ஒரு கோடு.

“இது யாரு?”

“அது சும்மா மா. மெஷின் சரியா ஓடுதான்னு பாக்க இன்னொரு செட் சாம்பிள் போட்டேன்.”

“யாரோட சாம்பிள்?”

நளினி மூக்கை உறிஞ்சினாள்.

“யாருன்னு கேட்டேன்.”

“என்னுது.”

மழை தகரத்தில் கொட்டியது. புஷ்பவள்ளி மகளை முதல்முறை பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே பார்த்தாள். கன்னத்து எலும்பு. உதட்டோரம் புண். சளி, எட்டு மாதம். இவ்வளவு பெரிய குறை கண்ணெதிரில் வந்து வந்து போயிருக்கிறது. மாப்பிள்ளையின் காதைக் கண்டவளுக்கு இது தெரியவில்லை.

“ஒரு ரெண்டு நாள் எச்சில வெச்சு எதுவும் முடிவா சொல்ல முடியாது மா.”

“என் எச்சிலுக்கு மட்டும் வீட்டையே காலி பண்ணச் சொன்ன?”

நளினிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அது அழுகையாகிவிட்டது. பஸ் கதவைத் திறந்துவிட்டுப் போன மனிதருக்காக அவள் அம்மா முன்னால் அழுதது அன்றுதான். புஷ்பவள்ளி தடுக்கவில்லை. அழுது ஓய்ந்ததும், “சிந்து” என்று முந்தானையை நீட்டினாள்.

பிறகு கைப்பையைத் துழாவி மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து நளினியின் கார் சாவி மேல் ஒட்டினாள்.

“மா!”

“ஹோல்ட். மறுசோதனை முடியற வரைக்கும் இந்த வீட்ட விட்டு நகரக் கூடாது. இங்கருந்தே வேலைக்குப் போ. பினாங்குப் பாலம் என்ன ஓடியா போயிரும்?”

“அப்ப உனக்கு?”

“எனக்கும்தான்.” இன்னொன்றைக் கிழித்துத் தன் ரவிக்கைத் தோளில் ஒட்டிக்கொண்டு, பையிலிருந்த புடவைகளை எடுத்து மடித்து வைத்தாள்.

ஐப்பசி பிறந்ததும் ஃபிரீசரில் பதினாறு குழாய்கள் சேர்ந்தன. எட்டு தாயினுடையது, எட்டு மகளுடையது. ஒருத்தி மெல்லும்போது மற்றவள் கடிகாரத்தோடு எதிரில் நின்று காவல் காத்தாள். பிச்சை அண்ணன் வேலியோரம் வந்தார். கன்னம் கொஞ்சம் வற்றியிருந்தது. முட்டி பழையபடி வலிக்கிறது என்றார்.

“என்னுது வேணாமா தங்கச்சி?”

“வேணாம்ணே. இந்தத் தடவ சொந்த எச்சில்.”

அவர் அதற்கும் ஏன் என்று கேட்கவில்லை. பாகற்காய் இரண்டைப் பறித்து இந்தப் பக்கம் நீட்டினார். புஷ்பவள்ளி வாங்கித் திருப்பிப் பார்த்து, ஒன்றில் புழு இருக்கிறது என்றாள்.